முனைக்கு அப்பால்: ஜெனரல் கரேரா ஏரி கயாக் விபத்து, 2015

2015 டிசம்பர் 8, செவ்வாய்க்கிழமை. சிலி நாட்டின் தென்பகுதியில், படகோனியாவின் ஜெனரல் கரேரா ஏரியில் ஆறு பேர் கயாக்கில் (ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) போய்க்கொண்டிருந்தார்கள். பகலில் துடுப்பு வலிப்பது, இரவில் கரையில் கூடாரம் அடிப்பது என்று சில நாள் பயணம். அவர்களில் ஒருவர் அன்றே இறந்துபோனார். மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அவர் உடலின் வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். இயல்பாக இருக்க வேண்டியது 37.

இறந்தவர் டக்ளஸ் டாம்ப்கின்ஸ், வயது 72. மலையேற்ற, முகாம் சாமான்கள் விற்கும் நார்த் ஃபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். பிறகு எல்லாவற்றையும் விற்றுவிட்டு, சிலியிலும் அர்ஜென்டினாவிலும் காடுகளை விலைக்கு வாங்கிப் பாதுகாத்தவர். இளமையில் யாரும் இறங்காத ஆறுகளில் கயாக் விட்ட ஆள். அவரோடு அதே படகில் இருந்தவர் ரிக் ரிட்ஜ்வே. 1978-ல் உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தின் உச்சியைத் தொட்ட முதல் அமெரிக்க அணியில் ஒருவர். இன்னொருவர் படகோனியா என்ற பெயரில் மலையேற்ற உடுப்புகள் விற்கும் நிறுவனத்தின் நிறுவனர் இவான் ஷுய்னார்ட். மற்ற மூவரும் நீரோட்டத்திலும் துடுப்பிலும் ஊறியவர்கள்.

நான் இந்த விபத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு அவர்களின் புகழ் காரணமில்லை. படகு விபத்து எதைப் பற்றிப் படித்தாலும் "அனுபவம் இல்லாதவர்கள்" என்ற ஒரு சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம். இங்கே அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. அதனால் ஏரியையும் காற்றையும் படகையும் உடம்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏரி

ஜெனரல் கரேரா, சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் பொதுவான ஏரி. அர்ஜென்டினாவில் அதன் பெயர் புவெனோஸ் ஐரெஸ் ஏரி. பரப்பளவு சுமார் 1,850 சதுர கிலோமீட்டர். தென்னமெரிக்காவில் டிட்டிகாக்காவுக்கு அடுத்த பெரிய நன்னீர் ஏரி. ஆழம் 586 மீட்டர் வரை போகிறது. பனியாறுகள் உருகி வரும் தண்ணீர். அவை பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற துகள்தான் அந்த நீருக்குப் பால் கலந்த நீலப்பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. படத்தில் பார்த்தால் வெயில்காலத்து நீச்சல் குளம் போலவே இருக்கும். டிசம்பர் அங்கே கோடையின் தொடக்கம்தான், வெயிலும் அடிக்கும். ஆனால் தண்ணீர் சுமார் 4 டிகிரி. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த தண்ணீரின் குளிர்ச்சி அது.

தெற்கு அட்சரேகை 46 டிகிரியைத் தாண்டிய இடம். அந்த அட்சரேகைகளில் பூமியைச் சுற்றிப் பெரும்பாலும் கடல்தான். மேற்கிலிருந்து கிளம்பும் காற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு இல்லை. பசிபிக்கைக் கடந்து வரும் அந்தக் காற்று ஆண்டிஸ் மலையில் மோதி, பள்ளத்தாக்குகளுக்குள் நெருக்கிக்கொண்டு புகுந்து, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஏரியின் மேல் பாய்கிறது. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: காற்றின் வேகம், அது எவ்வளவு நேரம் அடிக்கிறது, தடையின்றித் தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறது. இந்த ஏரியில் மூன்றுமே தாராளம். ஏரிதானே என்று நினைத்துப் போகிறவருக்குக் கடலின் அலை கிடைக்கும். கடலலையாவது நீளமாக எழுந்து நீளமாக இறங்கும். ஏரியின் அலை நெருக்கமாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்றாக வரும். கயாக்கின் மூக்கு ஒரு அலையிலிருந்து எழுவதற்குள் அடுத்தது அதன்மேல் விழுந்துவிடும்.

நடந்தது

ஆறு பேருக்கும் இரண்டு பேர் அமரும் கயாக்குகளும் ஒற்றைக் கயாக்குகளும் இருந்தன. டாம்ப்கின்ஸும் ரிட்ஜ்வேயும் ஓர் இரட்டைக் கயாக்கில். அந்தப் படகின் சுக்கான் சரியாக வேலை செய்யவில்லை. நிலம் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையைச் சுற்றிப் போகும் நேரத்தில் காற்று ஏறிவிட்டது. முன்னே போனவர்கள் முனையைக் கடந்து ஒதுக்குப்புறமான தண்ணீருக்குள் நுழைந்தார்கள். இவர்களின் படகு பக்கவாட்டு அலையில் கவிழ்ந்தது.

இருவரும் படகை நிமிர்த்தி ஏறப் பார்த்தார்கள். நீர் நிரம்பிய படகு நிலைகொள்ளவில்லை, மறுபடி கவிழ்ந்தது. பலமுறை முயன்றும் பலனில்லை. படகோ அவர்களை ஏரியின் நடுப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் படகை விட்டுவிட்டு முனையை நோக்கி நீந்துவது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் நீரோட்டம் கரையை நெருங்கவிடவில்லை.

இருவரையும் காணோம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அதே காற்று, அதே அலை. ஓர் இரட்டைக் கயாக்கில் வந்த இருவர் ரிட்ஜ்வேயை எட்டிப் பிடித்துக் கரைசேர்த்தார்கள். குழுவின் இளையவர் தன் ஒற்றைக் கயாக்கில் டாம்ப்கின்ஸிடம் போனார். அவரைப் படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு கையால் அவர் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கி, இன்னொரு பக்கம் படகையும் கவிழாமல் காத்துக்கொண்டு போராடினார். காற்று இருவரையும் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. டாம்ப்கின்ஸ் நினைவிழந்தார். ஹெலிகாப்டர் வந்தது. சிலி கடற்படையின் ரோந்துப் படகும் மீட்பில் சேர்ந்தது. கோய்ஹைக்கே நகர மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த இளைஞர் செய்ததை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கவிழ்ந்தவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒற்றைக் கயாக் எந்த நொடியிலும் தானும் கவிழும். ஒரு பக்கம் முழு ஆளின் பாரம். துடுப்பைப் பிடிக்க மறு கை இல்லை. கையை விட்டிருந்தால் தான் பிழைப்பது உறுதி என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கடைசிவரை விடவில்லை.

படகு எங்கே தோற்றது

கயாக் காற்றில் தானாகவே முகத்தைத் திருப்பும். முன்னே நகரும் படகின் மூக்கை, அது கிழித்துப்போகும் தண்ணீர் அழுத்திப் பிடிக்கிறது; பின்பக்கத்துக்கு அந்தப் பிடி குறைவு. பக்கவாட்டுக் காற்று பின்பக்கத்தைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்புகிறது. ஒற்றைக் கயாக்கில் இடுப்பைச் சாய்த்து, ஒரு பக்கம் வீசி வலித்து இதைச் சமாளிக்கலாம். இரட்டைக் கயாக் நீளமும் கனமும் கூடியது. அதில் கூடாரம், உறக்கப்பை, அடுப்பு, பல நாள் சாப்பாடு எல்லாம் ஏற்றிவிட்டால் உடம்பைச் சாய்த்துத் திருப்புவது ஏறக்குறைய நடக்காத காரியம். அதனால்தான் இரட்டைக் கயாக்குக்குச் சுக்கான் பெயரளவுக்கு வைத்த உறுப்பாக இருக்க முடியாது. அமைதியான நீரில் கோளாறான சுக்கான் ஒரு சின்னத் தொந்தரவு. 'போகப் போகச் சரிசெய்துகொள்ளலாம்' என்று தோன்றும். நாற்பது நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) காற்றில் அதே கோளாறு, படகை அலைக்கு விலாவைக் காட்டி நிறுத்துகிறது.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. காலையில் பத்து நாட் காற்றில் சுகமாகப் போன படகு, இருபதில் திணறும். நாற்பதில் அதன்மேல் விழுவது காலையில் இருந்ததைப்போல் பதினாறு மடங்கு. பயணத்துக்குச் சாமான் ஏற்றிய கயாக் மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும். பலத்த எதிர்க்காற்றில் துடுப்பு ஓயாமல் வலித்தாலும் கரையிலுள்ள மரம் நகராமல் அதே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

நிமிர்த்தி ஏறுவதில் இன்னொரு சிக்கல். இரட்டைக் கயாக்கின் உட்காரும் குழிகள் பெரியவை. நூறு லிட்டர் தண்ணீர் புகுந்தால் நூறு கிலோ. அந்த நீர் ஒரே இடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கம் ஓடி அதை இன்னும் சாய்க்கும். பம்ப் அடித்து வெளியேற்றுவதற்குள் அடுத்த அலை நிரப்பிவிடும். அலையில்லாத குளத்தில் பத்துமுறை பயிற்சி செய்த மறு-ஏற்றம், இப்படிப்பட்ட நீரில் வேறு ஒரு வேலை. பக்கத்தில் இன்னொரு படகு ஒட்டி நின்று பிடித்துக்கொண்டால் மட்டுமே அதற்கு நியாயமான வாய்ப்பு உண்டு. அங்கே பக்கத்துப் படகு முனைக்கு அப்பால் இருந்தது.

முனை என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிலம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காற்று வளைந்து வேகம் கூடுகிறது. அலைகள் முனையைச் சுற்றித் திரும்பி, இரண்டு திசைகளிலிருந்து வந்து மோதிக்கொள்கின்றன. ஏரியின் மற்ற இடங்களைவிட அங்கே நீர் எப்போதும் மோசம். அதே இடத்தில்தான் குழு ஒன்றையொன்று பார்க்கும் பார்வையையும் இழக்கிறது: முன்னே போனவர் நிம்மதியான நீருக்குள் நுழைந்து மூச்சுவிடும்போது, பின்னே வருபவர் மிக மோசமான நீரில் இருக்கிறார், நடுவில் பாறை. முன்னவர் முனைக்கு முன்பே நின்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, படகுகள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் கடந்தால் இந்த இடைவெளி விழாது. காற்றில் நிற்பது கடினம் என்பது உண்மைதான். நிற்க முடியாத அளவுக்குக் காற்று என்றால், அந்த முனையைச் சுற்றும் நாள் அது இல்லை.

உடம்பு எங்கே தோற்றது

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரில் மனித உடம்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம், மூச்சு கட்டுக்கு அடங்காது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் அங்கேயே முடிந்தது. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதன்பின் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. 4 டிகிரிக் காற்றில் சட்டையோடு உலாவலாம், 4 டிகிரி நீர் வேறு.

அந்தப் பத்து நிமிடம் என்பதை நான் எண்ணாகத்தான் வைத்திருந்தேன், ஒருமுறை குளிர்ந்த ஏரி ஒன்றில் கரையோரமாக, இடுப்பளவு ஆழத்தில், நண்பர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து பயிற்சி எடுக்கும்வரை. மூச்சு அடங்கியபின் மனம் தெளிவாகவே இருந்தது. படகின் விளிம்பைப் பிடித்தேன், சரி. மிதவைப் பையைப் பொருத்தும் பிளாஸ்டிக் கொக்கியை எடுத்து அதன் வாய்க்குள் தள்ளினேன். போகவில்லை. பார்த்தால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. தொடுகின்றன என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வலிகூட இல்லை. அந்தக் கையால் பம்ப் அடிப்பதையும், உட்காரும் குழிக்குள் நீர் புகாமல் தடுக்கும் மூடுதுணியை விளிம்பில் மாட்டுவதையும், ஈரப் பையின் வாயைத் திறப்பதையும் நினைத்துப் பாருங்கள். ஜெனரல் கரேராவில் இருவரும் ஒருமுறைக்குமேல் படகில் ஏறப் பார்த்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொக்கிதான் கண்முன் வரும். ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்கான விரல்களைத் தின்றிருக்கும்.

ஆகவே உடுப்பு காற்றின் வெப்பத்துக்கு அல்ல, நீரின் வெப்பத்துக்குத்தான். வெயிலில் வேர்த்தாலும் சரி. ட்ரைசூட் என்னும் நீர் புகாத முழு உடுப்பும் உள்ளே கம்பளி உடுப்பும் அந்தப் பத்து நிமிடத்தை நீட்டிக்கும். லைஃப் ஜாக்கெட், கைகால் ஓய்ந்தபின்னும் மூக்கை மேலே வைத்திருக்கும். டாம்ப்கின்ஸ் அத்தனை நேரம் நீரில் இருந்தும் மூழ்கிப்போகாமல் இருந்ததை மறக்கக்கூடாது.

படகை விட்டது சரியா? 'கவிழ்ந்தால் படகை விடாதே' என்பதுதான் எல்லாரும் சொல்லும் விதி. பெரிய பொருளாதலால் தேடுவோர் கண்ணுக்குப் படும், ஓரளவு உடம்பை நீருக்கு மேலே ஏற்றிக்கொள்ளலாம், நீந்தினால் வெப்பம் வேகமாகப் போகும். எல்லாம் சரியே. ஆனால் அந்த விதிக்குள் 'யாரோ சீக்கிரம் வருவார்கள்' என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆளரவமற்ற ஏரியில், படகே உங்களைக் கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப்போகும்போது, கரை கண்ணுக்குத் தெரியும்போது, அந்த விதி பாதி பலத்தை இழந்துவிடுகிறது. உயிரோடு திரும்பியவர் எடுத்த முடிவை, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தவறு என்று சொல்ல நான் தயாரில்லை. அந்த இரண்டு வழியில் ஒன்றை எடுக்க வேண்டிய நிலைக்கு முன்பே கதை முடிவாகிவிட்டது.

19 டிகிரி என்பது உடனே மரணம் என்று பொருள்படாது என்பதையும் சொல்ல வேண்டும். 1999-ல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிய ஆனா போகன்ஹோல்ம் 13.7 டிகிரிவரை இறங்கி, ட்ரோம்சோ மருத்துவமனையில் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு பிழைத்தார். அவருக்கு வயது 29, நல்ல உடல்நிலை, இயந்திரம் உள்ள மருத்துவமனைக்கு ஹெலிகாப்டர். எட்டாத ஏரிக்குப் போகிறவர் இந்த மூன்றில் எத்தனை தனக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிட்டுத்தான் படகை இறக்க வேண்டும்.

முன்பும் நடந்ததுதான்

1978 ஜூன் 11. கனடாவில் ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் இடையிலுள்ள டிமிஸ்கமிங் ஏரி. பள்ளிச் சிறுவர்களும் ஆசிரியர்களுமாக 31 பேர், நான்கு பெரிய கேனோக்கள் (மேல்மூடி இல்லாத துடுப்புப் படகுகள்). காற்றும் அலையும் எழுந்தபோது ஒன்று கவிழ்ந்தது. உதவப் போனவையும் கவிழ்ந்தன. 12 சிறுவர்கள், ஓர் ஆசிரியர், மொத்தம் 13 பேர் குளிர்ந்த நீரில் இறந்தார்கள். அங்கே இருந்தவர்கள் சிறுவர்கள், இங்கே உலகம் சுற்றிய வல்லவர்கள். நடந்தது ஒன்றே: குளிர்ந்த நீர், ஏறிக்கொண்டே வந்த காற்று, முதல் படகு கவிழ்ந்ததும் மீட்பவரும் அதே நீருக்குள்.

கூடாரத்தில் எடுக்கும் முடிவு

இவ்வகைப் பயணங்களில் துடுப்பைவிடக் கூடாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். நல்ல முகாம் இடம் என்றால் மரத்தடி, பாறைக்குப் பின்புறம், உள்வாங்கிய சிறு வளைகுடா. காற்று படாத இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்ததும் தெரிவது ஏரியே இல்லை. அந்த வளைகுடாவின் அமைதி. கண்ணாடி மாதிரித் தண்ணீர், தேநீர் ஆவி நேராக மேலே போகிறது, எல்லார் மனமும் ஏற்கெனவே படகில். முனைக்கு அப்பால் வெள்ளை நுரை ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓசை மரங்களைத் தாண்டிக் காதில் விழாது.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றே. கூடாரத்தை மடிப்பதற்கு முன், நடந்து முனைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது. மடித்துப் படகில் ஏற்றிய பிறகு பார்த்தால் பயனில்லை. அத்தனை மூட்டையையும் இறக்கி மறுபடி அடிக்க யாருக்கும் மனம் வராது, கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும். கூடாரம் நின்றுகொண்டிருக்கும்வரை 'இன்று வேண்டாம்' என்று சொல்வது எளிது. காற்றுக்காக இரண்டு நாள் கரையில் கிடக்கும் அளவுக்குச் சாப்பாடு கூடுதலாக எடுத்துப் போவதும் இதற்காகத்தான். விமானத்துக்கு நாள் குறித்துவிட்டு, கணக்காக அளந்த அரிசியோடு போகிறவர் முனையில் உட்கார்ந்தாலும் நுரையைப் பார்க்க மாட்டார். விடியற்காலையில் கிளம்பி, பகல் காற்று ஏறுமுன் கரையேறுவது பெரிய ஏரிகளில் பொதுவாக உதவும். படகோனியாவின் மேற்குக் காற்று இரவும் பகலும் அடிக்கக்கூடியது, அங்கே கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது.

சாமானைப் பிரித்து ஏற்றுவதும் இந்த முடிவின் பகுதிதான். எல்லாக் கூடாரமும் ஒரே படகில் இருக்கக்கூடாது. கைவிட்ட படகு, அதிலுள்ள உறக்கப்பை, உலர்ந்த உடுப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். உடம்பில் இருப்பது மட்டுமே உங்களுடையது. விசிலும் கத்தியும் நனையாத தீப்பெட்டியும் சாட்டிலைட் கருவியும் லைஃப் ஜாக்கெட்டின் பையில். படகின் அறையில் பூட்டி வைத்த சாட்டிலைட் போன் கவிழ்ந்த பிறகு யாருக்கும் இல்லாத போன்.

நீரிலிருந்து எடுத்தவரைக் கரையில் முதலில் ஏற்றுக்கொள்வது அந்தக் கூடாரம்தான். உடல் வெகுவாகக் குளிர்ந்தவரை முடிந்தவரை படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும், நடக்க வைக்கக்கூடாது, கைகாலைத் தேய்க்கக்கூடாது. கைகாலில் தங்கியிருக்கும் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பினால் துடிப்பே நின்றுபோகலாம். ஈர உடுப்பை இழுத்துக் கழற்றாமல் கத்தரித்து எடுப்பது, தரைக்கும் உடம்புக்கும் நடுவே தடித்த பாய், உறக்கப்பைக்குள் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களை அக்குளிலும் மார்பிலும் அணைப்பது. ஐந்து நிமிடத்தில் எழும் கூடாரமா, கம்பிகளைத் தேடித் தேடிப் பொருத்த வேண்டிய கூடாரமா என்பது அப்போதுதான் தெரியும். மரத்துப்போன கையால், காற்றில், ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டாம்ப்கின்ஸ் காப்பாற்றிய நிலங்களை அவர் மனைவி கிறிஸ்டின் சிலி அரசிடம் தேசியப் பூங்காக்களாக ஒப்படைத்தார். 2017-ல் அதிபர் மிச்செல் பச்லெட்டோடு அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் ஒன்றான புமாலின் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏரியின் மேல் அந்த மேற்குக் காற்று இன்னும் அடிக்கிறது. தண்ணீர் அதே 4 டிகிரியில், அதே நீலப்பச்சையில், ஆழம் தெரியாமல் கிடக்கிறது.